பதினொன்று நாற்பது

மெல்பர்னிலிருந்து தங்கை அழைத்தாள்.
"ராத்திரி ஒரு மணி நேரம் முன்னால தள்ளிட்டோம்க்கா.
இனி உனக்கும் எனக்கும் மூணு மணி நேரம்."
சோபாவை நகர்த்தியதுபோல் சொன்னாள்.
எதற்காம், என்றேன்.
வெயிலை மிச்சம் பிடிக்க.

வெயிலையா?
நான் ஜெலுத்தோங்கில் இருக்கிறேன்.
இங்கே யாராவது வெயிலை எடுத்துக்கொண்டு போனால்
வண்டிச் சத்தமும் சேர்த்துக் கொடுப்பேன்.

எங்களுக்கும் ஒருமுறை தள்ளினார்கள்.
எண்பத்தொன்றின் கடைசி இரவு.
பதினொன்றரை அடித்ததும் பன்னிரண்டு.
சபாவுக்கும் சரவாக்குக்கும் இருந்த மணி
இனி நமக்கும் என்றார்கள்.
நடுவில் இருந்த அரை மணி நேரத்தை
ஒருவரும் வாழவில்லை,
அம்மாவைத் தவிர.
அவள் பிரசவ வார்டில்
கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

வெளியே அப்பா, ரேடியோ சொன்னபடி
கைக்கடிகாரத்தைத் திருகிவைத்திருந்தார்.
துறைமுகத்தில் கப்பல்கள் புது வருடத்துக்கு ஊதி ஓய்ந்து
பத்து நிமிடம் ஆகியிருந்தது.
உள்ளே சுவர்க் கடிகாரத்தை யாரும் தொடவில்லை.
மிஸ்ஸி லூர்தம்மாள் நிமிர்ந்து பார்த்து எழுதினார்:
பதினொன்று நாற்பது.

இல்லாத நேரத்தில் பிறந்தேன்.
இல்லாத நேரத்திலும் பசித்திருக்கிறது,
அப்படி அழுதேனாம்.

அந்த ஒரு வரியால் ஒரு வருடம் மூத்தவளானேன்.
ஒன்றாம் வகுப்பில் பெஞ்சில் உட்கார்ந்தால்
கால் தரைக்கு எட்டாது.
கட்டம் போட வந்த சோதிடர் மட்டும் கலங்கவில்லை.
"வானத்துக்குத் தெரியும்மா இவ எப்பப் பொறந்தான்னு.
பேப்பருக்குத்தான் தெரியல."

இப்போது பள்ளி வேன் ஓட்டுகிறேன்.
ஐந்து ஐம்பதுக்கு முதல் பிள்ளை.
அந்த இருட்டில் அடுக்குமாடிப் படிகளில்
முதலில் புத்தகப்பை இறங்கிவரும்,
பிறகு அதன் கீழே இரண்டு கால்கள்.
கிஷேந்திரன் ஏறும்போதே தூங்குவான்,
ஏறாமலும் தூங்குவான்.
டத்தோ கெராமாட் சிக்னலில்
கண்ணாடியில் பார்ப்பேன்:
பதினோரு தலைகள் ஒரே பக்கம் சாய்ந்திருக்கும்.

திங்கட்கிழமை, ராகு காலம் ஏழரைக்கு என்கிறது
சுவரில் தொங்கும் நாள்காட்டி.
ஏழரைக்கு இங்கே சூரியனே
இப்போதுதான் முகம் கழுவுகிறது.
ராகு இன்னும் பாயில் கிடப்பார்.
உச்சிவெயில் வர ஒன்றேகால் ஆகும்.
சோற்று நேரமும் சூரியனும்
எப்போதும் ஒரு கால் பின்னிக்கொண்டே நடக்கின்றன.

ஆனாலும், பொய் சொல்லக்கூடாது,
சாயங்காலம் நன்றாகத்தான் இருக்கிறது.
ஏழு மணிக்கும் வெளிச்சம்.
என் பையன் வண்டி நிறுத்துமிடத்தில்
கோடு இல்லாத மைதானத்தில் பூப்பந்து ஆடுகிறான்,
இறகுப்பந்து கடைசிவரை கண்ணுக்குத் தெரிகிறது.
விடியலில் என் பிள்ளைகளிடம் பிடுங்கியதை
அந்தியில் அவனிடம் தருகிறார்கள்.
நான் எந்தப் பக்கம் நின்று வழக்காட?

மூசா கடையில் தே தாரிக் இழுத்து ஊற்றுகிறார்கள்.
ஒரு குவளையிலிருந்து இன்னொன்றுக்கு,
தோளுயரம் தூக்கி,
மறுபடி, மறுபடி.
நுரை ஏறுகிறது. தேநீர் ஏறவில்லை.
இதைத்தானடி செய்கிறீர்கள் என்று
தங்கைக்குச் சொல்ல நினைத்தேன்.
பிறகு என் குவளை வந்தது.
முதலில் நுரையைத்தான் உறிஞ்சினேன்.

அவளிடம் சொல்லாத இன்னொன்று.
என் வேன் கடிகாரம் ஏழு நிமிடம் வேகம்.
கெட்டுப்போகவில்லை, நானே வைத்தது.
தாமதமாகாமல் இருக்க.
ஒவ்வொரு நாளும் பார்த்துப் பதறுகிறேன்,
உடனே ஏழைக் கழித்து ஆறுதலடைகிறேன்,
கழித்ததால் தாமதமாகிறேன்.

ஆறு இருபத்தொன்று என்கிறது அது இப்போது.
லோஷினி இன்னும் இறங்கவில்லை.
மூன்றாம் மாடியில் விளக்கு எரிகிறது,
யாரோ ஒரு காலுறையைத் தேடுகிறார்கள்.
ஹார்னில் கை வைக்கிறேன்,
எடுக்கிறேன்.
ஆறு பதினாலுதான்.